கொடைக்கானலில் கதகதப்பான தங்குமிடம்: தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

கொடைக்கானலில் ரூம் தேடுகிற பலரும் முதலில் பார்ப்பது ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைத்தான். பள்ளத்தாக்கு தெரியும், ஏரி தெரியும், மேகம் பால்கனிக்கே வரும் என்று படங்கள் ஆசை காட்டும். மேகம் வருவது உண்மைதான். பால்கனியோடு நிற்காமல் மெத்தைக்குள்ளும் போர்வைக்குள்ளும் புகுந்துகொள்ளும் என்பதைப் படம் சொல்லாது.

ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே சுற்ற அதிகம் ஒன்றும் கிடையாது. ஆக, ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் அறைக்குள்தான். அந்த நேரத்தில் வியூ வெறும் இருட்டு. அதனால் என் வரிசை இப்படி: காய்ந்த அறை, காலை வெயில், நம்பகமான வெந்நீர், நடக்க நினைக்கும் இடத்துக்குப் பக்கம். வியூ இவற்றுக்கு அப்புறம்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது. ஏரியும் மலையும் சேர்ந்த மற்ற ஊர்களுக்கும், உதாரணமாக ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும், இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: முதலில் மாதம், அப்புறம் ரூம்

மே மாதத்தில் அருமையாக இருந்த அறை நவம்பரில் ஈரவாடை அடிக்கலாம். அதனால் எப்போது போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் ரூம் பார்ப்பதில் பயனில்லை.

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை சீசன். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 11, 12 வரை இறங்கும். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடப்பதும் மே மாதத்தில்தான். வாடகை எகிறும், சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ரூம் எடுத்துவிட்டு 'பத்து நிமிஷத்தில் ஏரிக்கு வந்துவிடலாம்' என்று கணக்குப் போட்டால், சீசனில் அந்தக் கணக்கு நிற்காது. இந்த மாதங்களில் நடந்து போகிற தூரத்தில் தங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஜூலை, ஆகஸ்டில் காற்றும் சாரலும். செப்டம்பரில் கூட்டம் குறைந்து ஊர் பச்சையாக இருக்கும், வாடகையும் பேசினால் இறங்கும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலுக்குப் பெருமழை அப்போதுதான். மலைப்பாதையில் மண்சரிவும் மரம் சாய்வதும் நடக்கும், மூடுபனி நாள் முழுக்கக் கலையாமல் இருக்கும். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கு தெரிகிற 'வேலி வியூ' ரூமுக்கு ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுப்பவர் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறார்.

நடப்பதற்காகவே மலைக்குப் போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வானம் துலக்கமாக இருக்கும், பாதை காய்ந்திருக்கும். இரவுக் குளிர் மட்டும் கடுமை, 8 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சில நாள் உறைபனியும் விழும். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உறைபனி முதலில் விழுவது உச்சிகளில் இல்லை, ஏரியைச் சுற்றிய புல்வெளி, ஜிம்கானா மைதானம் மாதிரி தாழ்வான இடங்களில்தான். குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து இறங்கி, ஏரி இருக்கிற பள்ளத்தில் தேங்கிவிடும். ஜனவரியில் ஏரிக்கரையை ஒட்டிய ரூமைவிட, நூறடி மேலே இருக்கிற ரூம் இரவில் சற்றுக் கதகதப்பாக இருப்பது இதனால்தான்.

தேதி முடிவானதும் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ கொடைக்கானல், ஊட்டி போக இ-பாஸ் தேவைப்படுகிறது. கட்டணம் இல்லை, இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் உங்கள் தேதிக்குப் பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் ரூம், பிறகு பாஸ் என்று போனால் அட்வான்ஸ் மாட்டிக்கொள்ளும்.

படி 2: எந்தப் பக்கம் தங்குவது

இந்த முடிவுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 'கொடைக்கானல்' என்று தேடினால் வருகிற விடுதிகள் நாற்பது கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன. மலைக்கு ஏறும் வழியில் பாதியில் இருப்பதும் 'கொடைக்கானல்' என்றுதான் விளம்பரத்தில் வரும்.

ஏரிப் பக்கம். 1863-ல், மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இது. பரப்பு சுமார் 60 ஏக்கர், சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நட்சத்திரம் மாதிரி கைகள் நீட்டிக் கிடப்பதால் கரையின் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. படகுத் துறையை ஒட்டிய பகுதியில் பகல் முழுக்கக் குதிரை, சைக்கிள், சோளக்கடை, ஹாரன். கைகளின் முனைப்பக்கம் அமைதி. ஏரிப் பக்கம் தங்குவதன் நிஜமான லாபம் காலை ஆறரை மணிக்குத்தான் தெரியும். தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பும் நேரத்தில், வண்டி எடுக்காமல், ஸ்வெட்டரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். காலையில் எழ மாட்டோம் என்பவர்கள் ஏரிக்கரை வாடகையைக் கொடுக்கத் தேவையில்லை. நான் பரிந்துரைப்பது கரையை ஒட்டிய ரூமை இல்லை, கரைக்கு மேலே உள்ள சாலைகளில் இருப்பவற்றை. இறங்கி நடக்கப் பத்து நிமிடம், குளிரும் சத்தமும் குறைவு. ஏறி வரும்போது மூச்சு வாங்கும், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் அதை நினைவில் வையுங்கள்.

கோக்கர்ஸ் வாக் பக்கம். 1872-ல் மலை விளிம்பை ஒட்டி அமைத்த ஒரு கிலோமீட்டர் நடைபாதை. இந்த விளிம்பில் உள்ள விடுதிகளிலிருந்து தெளிந்த நாளில் சமவெளி தெரியும், இரவில் கீழே ஊர்களின் விளக்குகள். காலை வெயில் முதலில் விழுவதும் இங்கேதான். காற்றுதான் பிரச்சினை. ஜன்னல் சட்டம் சரியாக மூடாத ரூமாக இருந்தால் இரவெல்லாம் ஊளைச் சத்தம் கேட்கும். பஸ் நிலையமும் கடைத்தெருவும் பக்கம் என்பதால், வண்டி இல்லாமல் வருகிறவர்களுக்கு இது வசதி.

பஸ் நிலையம், ஏழு ரோடு சந்திப்பு பக்கம் தங்குவதற்கு ஒரே காரணம் செலவும் சாப்பாடும். ஒரு ராத்திரிக்குப் போதும்.

அப்சர்வேட்டரி பக்கம் இன்னும் உயரம். தெளிந்த வானத்துக்காகவே 1899-ல் சூரிய ஆய்வகத்தை இங்கே அமைத்தார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். விண்மீன் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்குக் குளிர்கால இரவுகளில் இந்தப் பக்கம் நல்லது. ஏரிக்கு இறங்க வண்டி வேண்டும்.

நாயுடுபுரம், அட்டுவம்பட்டி, வில்பட்டி, பள்ளங்கி. காட்டேஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் அதிகம் முளைத்திருப்பது இந்த வடக்குச் சரிவில்தான். தோட்டம், பழனி பக்கம் பார்த்த காட்சி, கார் நிறுத்த இடம் எல்லாம் கிடைக்கும். குடும்பமாக இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு முழு வீட்டை எடுத்துக்கொள்ள ஏற்ற பகுதி. குறை என்னவென்றால், பிரதான சாலையிலிருந்து விடுதிக்குப் பிரியும் கடைசி அரை கிலோமீட்டர். செங்குத்தான மண்பாதையாக இருக்கும், மழை பெய்தால் சின்ன கார் ஏறாது. வடக்குச் சரிவு என்பதால் குளிர்காலத்தில் வெயிலும் குறைவு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வட்டக்கானல். டால்பின் மூக்குப் பாறைக்கு நடந்து இறங்கலாம், மலை விளிம்பில் சின்னச் சின்ன வீடுகள், வாலிபர் கூட்டம். நடைப் பிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊரை ஒட்டி இல்லை. ஆனால் சனி ஞாயிறு வேண்டாம். அந்தக் குறுகலான பாதையில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். பல வீடுகளுக்குச் சாலையிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு. முதுகுப்பை இருப்பவர்களுக்கு மட்டும்.

பெருமாள்மலைப் பக்கம் ஊருக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் முன்னாலேயே வந்துவிடும். உயரம் குறைவு, குளிரும் குறைவு. கைக்குழந்தையோடும் குளிர் ஆகாத பெரியவர்களோடும் வருகிறவர்கள் இதை யோசிக்கலாம். வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் இங்கே சேர்கின்றன, அதனால் சீசனில் நெரிசல் உண்டு. இன்னும் கீழே பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே எடுத்தால் இருட்டிய பிறகு வெளியே இறங்கக் கூடாது.

கடைசியாக மேல்மலைக் கிராமங்கள்: பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால். என் மனசு இங்கேதான். பூம்பாறை கொடைக்கானலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள், படிப்படியான பூண்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை விளைவிக்கிற ஊர்களில் இது முக்கியமானது. மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். திறந்த புல்வெளி, ஏரி, மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம். ஏரியும் மலையும் கூட்டமில்லாமல் வேண்டும் என்பவர் இரண்டு ராத்திரி அங்கே தங்கலாம். ஆனால் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது, இருட்டிய பிறகு கடை இல்லை, அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொடைக்கானலுக்குத்தான் வர வேண்டும். விடுதியிலேயே மூன்று வேளைச் சாப்பாடு உண்டா என்று கேட்காமல் போகாதீர்கள்.

பேரிஜம் ஏரியைப் பார்த்துவிட்டுப் பலர் 'அங்கே தங்க முடியுமா' என்று கேட்கிறார்கள். அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியோடு பகலில் போய் வரலாம், அதுவும் யானை நின்றால் மூடிவிடுவார்கள்.

நாலு நாள் இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இரண்டு ராத்திரி ஏரிக்கு மேலே, இரண்டு ராத்திரி மேல்மலையில். தினம் ஒரு இடம் மாற்றினால் பெட்டி கட்டுவதிலேயே பொழுது போய்விடும்.

படி 3: ஹோட்டலா, காட்டேஜா, ஹோம்ஸ்டேயா

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு ராத்திரி, பஸ் பயணம் என்றால் ஹோட்டல். சமையலறை வேண்டும், பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும் என்றால் காட்டேஜ். வீட்டுச் சாப்பாடு, ஊர் விவரம் சொல்ல ஆள் வேண்டும் என்றால் உரிமையாளர் அதே வளாகத்தில் குடியிருக்கிற ஹோம்ஸ்டே. ஹோம்ஸ்டே என்று பெயர் போட்டுவிட்டு, உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து, சாவியை மட்டும் ஒரு பையன் கொண்டுவந்து கொடுக்கும் வீடுகளும் நிறைய. ராத்திரி தண்ணீர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடும் இங்கே உண்டு. அலங்காரம் எதிர்பார்க்காதவர்கள் அதையும் பார்க்கலாம்.

கட்டடத்தின் வயது முக்கியம். பழைய கல் பங்களாக்கள் பார்க்க அழகு. உயரமான கூரை, பெரிய ஹால், கணப்பு (குளிர்காய அறைக்குள்ளேயே விறகு எரிக்கும் அடுப்பு). ஆனால் உயரக் கூரைக்குக் கீழே சூடு நிற்காது, கணப்பு எரியாவிட்டால் அந்த ஹாலில் உட்கார முடியாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு பக்கச் சுவரையே கண்ணாடியாக வைக்கிறார்கள். பகலில் பிரமாதம், ராத்திரியில் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அறையின் சூடெல்லாம் போகும். கண்ணாடிச் சுவர் உள்ள ரூம் எடுத்தால் தரைவரை தொங்குகிற கனமான திரை இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன அறை, தாழ்ந்த கூரை, மரத்தரை. படத்தில் சுமாராகத் தெரிகிற இந்தச் சேர்க்கைதான் தூங்க நல்லது.

கூடாரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத் தங்குமிடம் ஒன்றில் இருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காட்டை ஒட்டி அனுமதியில்லாமல் கூடாரம் போடுகிறவர்கள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள். எந்த அனுமதியில் நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

படி 4: படத்தையும் மேப்பையும் படிக்கும் விதம்

கொடைக்கானலில் வெயிலுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. பெரும்பாலான நாட்களில் காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் ஏறி, மூன்று நாலு மணிக்கு மூடிவிடும். அதனால் மேற்குப் பார்த்த ஜன்னலுக்குச் சூரியன் போய்ச் சேரும் நேரத்தில் சூரியனே இருக்காது. கிழக்கு, தென்கிழக்குப் பார்த்த அறைதான் தினமும் காயும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்குச் சரிவில் மரங்களுக்குக் கீழே இருக்கும் அறை நாள்கணக்கில் வெயில் காணாது. கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, விடுதி எந்தச் சரிவில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது, கிழக்கே உயரமான மரமோ மலையோ மறைக்கிறதா என்று பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையை யாரும் செய்வதில்லை.

படங்களில் விடுதிக்காரர் போட்டதைத் தள்ளிவிட்டு, தங்கியவர்கள் எடுத்ததை மட்டும் பாருங்கள். கட்டிலைப் பார்க்காதீர்கள். கூரையின் மூலைகளைப் பாருங்கள், கட்டிலுக்குப் பின்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். சாம்பல் புள்ளிகளோ, பெயின்ட் உப்பி உரிந்ததோ தெரிந்தால் பூஞ்சை இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த விடுதியை அத்தோடு மூடிவிடலாம். குளியலறைக்கு வெளிப்பக்க ஜன்னல் உண்டா என்றும் கவனியுங்கள். அது இல்லாத ரூமில் துண்டு இரண்டு நாளானாலும் காயாது.

விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கை பெரிதாக உதவாது. தேடும் பெட்டியில் 'வாடை', 'ஈரம்', 'ஹாட் வாட்டர்', 'ஹீட்டர்', 'ரோடு' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதற்கு அதிக மதிப்புக் கொடுங்கள். மே மாதம் வந்து 'சூப்பர் க்ளைமேட்' என்று எழுதியவர் ஜனவரி இரவு பற்றி எதுவும் சொல்ல முடியாது.

படி 5: போனில் பேசுங்கள்

மூன்று இடங்களைத் தேர்ந்த பிறகு நேராகப் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்திக்கு எல்லாவற்றுக்கும் 'எஸ் சார்' என்றுதான் பதில் வரும். பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணே, நீங்க குடுக்கப்போற ரூம்ல காலையில வெயில் விழுமா?"

"வெயிலா? பால்கனியில எட்டு மணிக்கெல்லாம் வந்துரும் சார்."

இப்படித் தயங்காமல் வந்தால் அவருக்கு ரூம் தெரியும் என்று அர்த்தம். 'வியூ நல்லா இருக்கும் சார்' என்று வேறு பக்கம் போனால் ரூமில் வெயில் இல்லை. மரியாதையாகத் திரும்ப ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெந்நீர். '24 மணி நேரமும்' என்று பலகையில் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: ஒவ்வொரு ரூமுக்கும் தனி கீசரா, பொதுவான பாய்லரா, கரன்ட் போனால் என்ன வழி? சோலார் மட்டும் என்றால் மூடுபனி மாதங்களில் கைவிரிக்கும். பாய்லர் என்றால் காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று நேரம் வைத்திருப்பார்கள், அதிகாலையில் சூரிய உதயம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பச்சைத் தண்ணீரில் குளிக்க நேரும்.

தண்ணீரைப் பற்றிச் சீசனில் தனியாகக் கேளுங்கள். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தட்டுப்பாடா என்று தோன்றும். ஏப்ரல், மே மாதங்களில் பல விடுதிகள் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. பத்துப் பேராகப் போகிறவர்கள் கேட்டுவைப்பது நல்லது. குடிநீருக்கு என்ன ஏற்பாடு என்பதும் முக்கியம், ஏனென்றால் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போய் விடுதியில் காய்ச்சின தண்ணீர் பிடித்துக்கொள்வதுதான் சுலபம்.

போர்வை ஆளுக்கு எத்தனை, கூடுதலாகக் கேட்டால் காசா? ரூம் ஹீட்டர் வாடகைக்கு உண்டா, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு? கார் ரூம் வாசல்வரை வருமா, கடைசிப் பாதை சிமென்டா மண்ணா? டிரைவரோடு போனால் அவர் படுக்க இடம் உண்டா? இதை நாம் மறந்துவிட்டால் அந்த மனிதர் குளிரில் காருக்குள் சுருண்டு கிடப்பார், மறுநாள் அவரை நம்பித்தான் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் போகிறோம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னொரு கேள்வி. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் அதிகாலையில் இறங்குவீர்கள். அங்கிருந்து 80 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். காலை எட்டு மணி வாக்கில் மேலே நிற்பீர்கள், விடுதிகளில் செக்-இன் மதியம் 12 அல்லது ஒரு மணி. சீக்கிரம் வந்தால் ரூம் தருவார்களா, முகம் கழுவவாவது இடம் உண்டா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் விடுதி கிடைத்தால் இவர்களுக்கு லாபம்.

வெளியே நடக்கப் போகிறவர்கள், விடுதிக்காரர் 'ட்ரெக்கிங் கூட்டிப்போகிறோம்' என்றால் எந்த வழி என்று கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2024-ல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் வழிகாட்டியோடு பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அனுமதியில்லாமல் கூட்டிப்போய்ப் பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும்தான்.

படி 6: நெருப்பும் புகையும்

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு விடுதி அறையில், இறைச்சி சுட்ட கரி அடுப்பு முழுதும் அணையாமல் உள்ளேயே இருக்க, தூங்கிய இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேஸ் ஹீட்டர் போட்டுக் கதவு ஜன்னலை மூடித் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, அப்படியே போனார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாடையில்லை. கரியோ கேஸோ போதிய காற்றில்லாமல் எரியும்போது உண்டாகி, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எனவே கரி அடுப்பு எக்காரணம் கொண்டும் அறைக்குள் வரக் கூடாது. அணைந்தது மாதிரி தெரிகிற கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவை விடும். கேஸ் ஹீட்டர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லி, எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் கேளுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் வேறு ரூம் கேளுங்கள். கணப்பு உள்ள ரூம் என்றால் புகைபோக்கி கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்று கேட்டுவிட்டு, முதலில் ஒரு காகிதத்தை எரித்துப் புகை மேலே போகிறதா, அறைக்குள் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் அந்தக் கணப்பு வெறும் அலங்காரம்தான். தூங்கும் முன் தணலை முழுதும் அணைத்து, ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். அந்த இடைவெளியில் வரும் குளிருக்கு இன்னொரு கம்பளி போதும்.

படி 7: உரிமம், அட்வான்ஸ், பில்

கொடைக்கானலில் அனுமதி மீறிக் கட்டிய கட்டடங்கள் பழைய தலைவலி. 2019-ல் நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்கு நகராட்சி சீல் வைத்தது. 'உரிமம் இருக்கிறதா' என்று கேட்கச் சங்கடப்பட வேண்டாம். பில்லில் ஜிஎஸ்டி எண்ணோ, உரிம எண்ணோ போடுகிறவரிடம் பிரச்சினை குறைவு.

பிரபல விடுதிகளின் பெயரிலேயே போலி இணையதளம் போட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் அனுப்பும் முன், இன்னொரு இடத்தில் கிடைக்கிற எண்ணில் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள். பணம் பெறுபவர் பெயராகத் திரையில் விடுதியின் பெயரோ உரிமையாளர் பெயரோ வர வேண்டும், சம்பந்தமில்லாத பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கேட்டாலும் யோசியுங்கள். மழையால் சாலை மூடினால், இ-பாஸ் கிடைக்காவிட்டால், பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

வாடகை பேசும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,600 ரூபாய் ரூமைப் பேசி 7,500 ஆக்கினால் மிச்சம் நூறு ரூபாய் மட்டும் இல்லை.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த வசதி இல்லாத சின்ன இடங்கள் வாசலில் வைத்து மறுத்துவிடும்.

படி 8: பெட்டியை இறக்கும் முன்

போய்ச் சேர்ந்ததும் டீ கொடுப்பார்கள். ஒருவர் டீ குடிக்கட்டும், ஒருவர் ரூமைப் பார்க்கட்டும். போர்வையை விரித்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்ற ஈரம் ஒட்டினால் மாற்றித்தரச் சொல்லுங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது, வந்த சூடு நிற்கிறதா என்று பாருங்கள். கதவு ஜன்னல் கொக்கிகள் ஒழுங்காக மாட்டுகின்றனவா? குளிருக்காக மட்டும் இல்லை, குரங்குக்காகவும். திறந்த ஜன்னல் வழியாக வந்து பிஸ்கட் பாக்கெட்டோடு மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு போகும். பிடிக்காவிட்டால் உடனே சொல்லுங்கள். பெட்டி உள்ளே போனபின் கேட்டால் 'நாளைக்கு மாத்தித் தர்றோம் சார்' என்றுதான் பதில் வரும்.

இருட்டிய பிறகு வளாகத்துக்குள் நடந்தாலும் டார்ச் வேண்டும். காட்டுமாடுகள் இப்போது ஊருக்குள்ளேயே மேய்கின்றன, தோட்டத்துப் புல்லுக்கு விடுதி வளாகத்துக்கும் வரும். சாதுவாக நிற்கும், படம் எடுக்கப் பக்கத்தில் போனால் முட்டும்.

கிளம்பும் நாளில் மதியச் சாப்பாட்டை மேலே வைத்துக்கொள்ளாமல் காலை பத்து மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மலைப்பாதையில் மூடுபனி விழும், சீசனில் அதோடு நெரிசலும் சேரும். வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு ரெண்டு இட்லியோடு நிறுத்திவிட்டு, மீதியை வத்தலக்குண்டில் பார்த்துக்கொள்ளலாம்.